வராதவள் எடுத்த ஐந்து புள்ளி

இந்தியாவுக்காக நான் ரக்பி ஆடிய நேரம் மொத்தம் நான்கு நிமிஷம். கிளப்புக்காக ஆடியது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் என் கைக்குப் பந்து வந்தது பதினொரு தடவை. அதிலும் நான்கு தடவை எதிர் அணிக்காரிகள் தவறவிட்டது தானாக உருண்டு என் காலடிக்கு வந்தது. இப்போது முழங்கால் போய்விட்டதால் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நான் ஓய்வு பெற்றதை யாரும் கவனிக்கவில்லை. ஆடியதையே பலர் கவனிக்கவில்லை.

ரக்பி தெரியாதவர்களுக்கு: பந்து முட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு எதிராளிகளின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடித் தரையில் வைக்க வேண்டும். வைத்தால் ஐந்து புள்ளி. வழியில் அவர்கள் நம்மைப் பிடித்துக் கீழே தள்ளலாம், அது குற்றமில்லை. பந்தை முன்னால் இருப்பவளுக்கு வீசக் கூடாது, பின்னால் வருபவளுக்குத்தான் வீசலாம். ஆனால் ஓடுகிறவளுக்கு முதுகில் கண் கிடையாது. ஆகவே பின்னால் வருபவள் கத்திக் கூப்பிட வேண்டும். நான் எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், இந்தக் கடைசி ஒன்றைத் தவிர.

என் வாய் எப்படிப்பட்டது என்பதற்கு என் பள்ளிப் படிப்பே சாட்சி. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கிராமம் எங்களுடையது. 1995-இல் ஏழாம் வகுப்பு. அந்த வருஷம் புதிதாக வந்த வாத்தியார் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். பெயரைப் படிப்பார், "உள்ளேன் ஐயா" என்று காதில் விழுந்தால் ஒரு கோடு போடுவார். "அம்சா" என்று படிக்கும்போது என் குரல் பல் வரைக்கும் வந்து நின்றுவிடும். அவருடைய உச்சந்தலைச் சுழியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவாயி இடுப்பில் இடிப்பாள். அதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.

அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் என் பெயரை அடித்துவிட்டார்கள். காரணம்: நீண்ட நாள் வராமை. அடித்த அன்றும் நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பா தர்மராஜ் நியாயம் கேட்கப் பள்ளிக்கூடம் போனார். ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"சார் எழுதிகினு இருந்தாரு."

"நீ இன்னா கேட்ட?"

"எழுதிகினு இருக்கறவர எப்டி கேக்கறது?"

அம்மாவுக்கு வேண்டா என்று பெயர். எங்கள் வீட்டில் பேசத் தெரிந்த ஒரே ஆள். "அப்பனும் பொண்ணும் வாய வூட்லயே வெச்சிட்டுப் போனீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா நானாவது எடுத்துகினு வந்திருப்பேன்" என்றாள். ஆனால் அன்றைக்கு வேர்க்கடலை பிடுங்க ஆள் வேண்டியிருந்தது. அம்மாவும் போகவில்லை. படிப்பு அவ்வளவுதான்.

2002-இல் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. பேச வேண்டியதில்லை என்று நம்பித்தான் சேர்ந்தேன். முதல் நாளே செங்கல்பட்டிலிருந்து வரும் எங்கள் சூப்பர்வைசர் ரோகிணி மேடம் மூன்று விதிகளைச் சொன்னார். கதவை மூன்று முறை தட்டி "ஹவுஸ்கீப்பிங்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நடையில் விருந்தாளி எதிரே வந்தால் அவர் மேல் நம் துணி கூடப் படாமல் ஒதுங்கிப் போக வேண்டும். விருந்தாளி விட்டுவிட்டுப் போன பொருளை எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நேராகக் கொண்டுவந்து இரண்டு கையாலும் சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதல் வாரம் நான் பல்லி தட்டுகிற மாதிரி தட்டி, எனக்கே கேட்காத மாதிரி சொல்லிவிட்டு ஒன்பதாம் நம்பர் அறையைத் திறந்தேன். உள்ளே ஒரு பெரிய மனிதர் முகம் நிறைய சோப்பு நுரையோடு நின்றிருந்தார். நுரையைத் தவிர உடம்பில் வேறு ஒன்றும் இல்லை. அவர் கத்தினார். நான் கதவைச் சாத்தி என் விரலையே நசுக்கிக்கொண்டேன்.

ரோகிணி மேடம் திட்டவில்லை. ஆள் இல்லாத பின்பக்க வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய், மூடிய கதவுகளின் முன்னால் என்னை நிறுத்தினார்.

"சொல்லு."

"ஹவுஸ்கீப்பிங்."

"கடலுக்குக் கேக்கணும்."

இரண்டு நாள் காலி அறைகளைப் பார்த்துக் கத்தினேன். அதன் பிறகு அந்த ஒரு வார்த்தை என்னை விட்டுத் தனியாகப் பிரிந்துவிட்டது. கை மூன்று முறை தட்டினால் போதும், கோயில் மணி மாதிரி அது பாட்டுக்கு வரும். மற்ற வார்த்தைகள் எல்லாம் வழக்கம் போலப் பல்லுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டன.

2006-இல் ஒரு சனிக்கிழமை எங்கள் ரிசார்ட்டின் கடற்கரையில் பெண்கள் ரக்பி நடந்தது. சிறுசேரி கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர் ஏசுபாதம் சார். கல்பாக்கத்தில் உத்தியோகம், நாகர்கோவில் பக்கத்து ஆள். இளவயதில் சென்னையில் ஆடியவர், மூக்கைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்குச் சென்னையிலிருந்து வந்த இன்னொரு கிளப்போடு போட்டி. அணிக்கு ஏழு பேர். ஆனால் சிறுசேரிப் பெண்களில் ஒருத்தி முதல் நாள் இறால் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

ரோகிணி மேடம் என்னைப் பார்த்தார். "அம்சா, நீ போய் நில்லு. சும்மா நின்னா போதும்."

சும்மா நிற்பது என் சொந்தத் திறமை. சீருடைச் சுடிதாரும் தலையில் வலையுமாகப் போய் நின்றேன். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் நின்றேன். பிறகு யாரோ இரண்டு பேர் முட்டிக்கொண்டதில் பந்து எகிறி என் மார்பில் வந்து விழுந்தது.

விருந்தாளியின் பொருள். கீழே வைக்கக் கூடாது, வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. "குடு, குடு!" என்று நாலு பேர் கேட்டார்கள். ரோகிணி மேடம் எங்கே என்று பார்த்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில், கோட்டுக்கு அப்பால், கையில் லிஸ்ட்டோடு நின்றிருந்தார். ஓடினேன். தினமும் பன்னிரண்டு ஈரப் படுக்கை விரிப்புகளைச் சுமந்துகொண்டு மணலில் நடக்கிறவளுக்கு ஒரு பந்து என்ன பாரம்? பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் விருந்தாளிகள், அவர்கள் மேல் துணி படக் கூடாது. ஒவ்வொருத்தியிடமிருந்தும் ஒதுங்கி, வளைந்து, "சாரி மேடம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய், பந்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மேடம், யாரோ விட்டுட்டாங்க."

அவரும் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டு, "எந்த ரூம்?" என்று கேட்டார்.

மணலில் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏசுபாதம் சார் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். "மக்ளே, பதிமூணு பேருல ஒருத்தி கூட ஒன்னத் தொடல, கேட்டியா? அத ஒரு செக்கண்டு தரையில வெச்சிருந்தா அஞ்சு புள்ளி!"

அப்படித்தான் கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பஸ், பிறகு கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. பயிற்சி முடிந்ததும் கிளப் கணக்கில் இரண்டு அவித்த முட்டை தருவார்கள். கூலி வாங்கி ஆடியதால் என்னையும் தொழில்முறை ஆட்டக்காரி என்றுதான் சொல்ல வேண்டும்.

தரையில் வைக்கக் கற்றுக்கொண்டேன். பிடித்துத் தள்ளவும் கற்றுக்கொண்டேன். கத்த மட்டும் வரவில்லை. ஆனால் பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். எந்தப் பெண் திரும்புவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பாள், எவள் மூச்சு வாங்கும்போது இடுப்பில் கை வைப்பாள், எந்தப் பக்கம் இடைவெளி விழப்போகிறது என்பதெல்லாம் தெரியும். பந்தை வைத்திருப்பவளுக்குப் பின்னாலேயே, சரியான இடத்தில், வாயை மூடிக்கொண்டு ஓடுவேன். அவள் பந்தோடு விழுவாள். நான் மேலே தடுக்கி விழுவேன்.

எங்கள் கேப்டன் சஹானா கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். அவள் கத்தினால் பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் நிற்கும். ஒரு நாள் ஆட்டம் முடிந்து ஆட்டோவில் வரும்போது, எதிர் அணியின் இடப்பக்கம் முழுக்கக் காலியாக இருந்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி! அதை அப்பவே சொல்ல மாட்டியா?"

"சொன்னேன்க்கா."

"எப்போ? எங்க?"

"மனசுல."

ஆட்டோக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

2009-இல் இந்திய அணிக்கு ஆள் எடுத்தார்கள். நான் எடுக்கப்பட்டதற்குக் காரணங்கள்: எனக்கு முன்னால் இருந்த ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்திக்குப் பரீட்சை. தவிர, புனேயில் நடந்த தேர்வு முகாமில் ஸ்டாப் வாட்ச்சை வைத்து ஓட விட்டார்கள். ஓட்டத்துக்கு வாய் தேவையில்லை. எங்கள் கிளப்பிலிருந்து சஹானா, சியாமளா, நான் மூன்று பேர். ஏசுபாதம் சார் துணைப் பயிற்சியாளர். தாய்லாந்தில் போட்டி.

அம்மா கேட்டாள்: "இன்னாடி, பந்து பொறுக்கறதுக்கு ஏரோப்ளேன்ல போவணுமா? கையி காலு ஒடச்சிகினு வந்தா எவன் கட்டிப்பான்?"

"நாடே கூப்டுது, போவட்டும் வுடு" என்றார் அப்பா. அவர் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தை பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிச் சான்றிதழ் தேவைப்பட்டது. விசாரித்த அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீண்ட நாள் வராமைன்னு போட்டிருக்கே. அவ்ளோ நாள் எங்கம்மா போயிருந்த?"

எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் அவருடைய மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்திருந்த சஹானாதான், "வெட்கம் சார்" என்று ஒரே வார்த்தையில் என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடித்தாள்.

தாய்லாந்தில் முதல் மூன்று ஆட்டமும் நான் பெஞ்சில். மூன்றிலும் தோற்றோம், என்னால் அல்ல. கடைசி ஆட்டம் கஜகஸ்தானோடு. அவர்கள் வரிசையில் வந்து நின்றபோது எங்களுக்கு வெயில் மறைந்தது.

ஏசுபாதம் சார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "மக்ளே, நீ நல்லாத்தான் ஓடுக. ஆனா ஊமையா ஓடுகவளுக்கு எவ பந்து தருவா? கடைசி நாலு நிமிஷம் ஒன்ன எறக்குகேன். ஒரே ஒரு தடவ சத்தம் குடு. என்ன வேணும்னாலும் சொல்லு, கெட்ட வார்த்த, தெறியே சொல்லு. குடுக்கலன்னா ஊருக்குப் போயி நீ தண்ணி தூக்க வரலாம், ஆட வர வேண்டாம். கேட்டியா?"

கேட்டேன். தலையாட்டினேன். அதுவும் சத்தமில்லாமல்தான்.

எனக்குக் கொடுத்திருந்த பன்னிரண்டாம் எண் சட்டை முழங்கால் வரை தொங்கியது. முந்தின நாள் கால் பிசகி ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்த சியாமளா தன் எட்டாம் எண் சட்டையைக் கழற்றித் தந்தாள். "இதைப் போட்டுக்கடி. அதுல ஓடினா பாவாடை தடுக்கின மாதிரி விழுவே." போட்டுக்கொண்டு இறங்கினேன். அப்போது முப்பத்து மூன்று – பூஜ்யம். முப்பத்து மூன்று அவர்களுடையது.

முதல் இரண்டு நிமிஷம் எனக்குப் பழக்கமான மாதிரியே போனது. ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன். ஒருத்தி என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாவம் என்று கை கொடுத்தும் தூக்கிவிட்டாள். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களுடைய நாலாம் எண்காரி, எங்களுக்கு இடது ஓரத்தில் நிற்கிறவள், வலது காலை ஊன்றித் திரும்பாமல் சுற்றிக்கொண்டு திரும்பினாள். அங்கே வலி இருக்கிறது. அவளுக்கு வெளியே ஓடினால் பிடிக்க முடியாது.

சஹானா பந்தோடு நடுவே பாய்ந்தாள். மூன்று பேர் அவளைச் சூழ்ந்தார்கள். நான் அவளுக்கு இடப்பக்கம் இரண்டடி பின்னால். நாலாம் எண்காரிக்கு வெளியே இடது ஓரம் முழுக்கக் காலி. "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "லெஃப்ட்" என்று சொல்லப் பார்த்தேன், பல்லில் நின்றது. சஹானா சாயத் தொடங்கிவிட்டாள். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை பார்த்த சாய்வு அது. பெஞ்சு, தண்ணீர் வாளி, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. என் கை தானாக எழுந்தது. கதவு இல்லாத காற்றில் மூன்று முறை தட்டியது.

"ஹவுஸ்கீப்பிங்!"

மைதானம் ஒரு நொடி நின்றது என்று சியாமளா இன்றைக்கும் சொல்வாள். கஜகஸ்தான்காரிகள் யாரோ அறைக்குள் வந்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். சஹானா பயத்தில் பந்தை அந்தச் சத்தத்தின் பக்கம் விட்டெறிந்தாள். அது என் கையில் இருந்தது.

ஒதுங்கினேன். வளைந்தேன். நாலாம் எண்காரி மேல் துணி கூடப் படவில்லை. நாற்பது மீட்டர் யாரும் இல்லை. கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் பழைய புத்தி: யாரிடம் ஒப்படைப்பது? எதிரே கொடியோடு ஒரு நடுவர் நின்றிருந்தார். நல்ல மனிதர் மாதிரி தெரிந்தது. இரண்டு கையும் பந்தோடு அவர் பக்கம் நீண்டுவிட்டது.

"கீழ வையி மக்ளே! கீழ வையி!" என்று அந்தக் கோடியிலிருந்து ஏசுபாதம் சார் அலறினார்.

காபித் தட்டு வைப்பது போலக் குனிந்து, சத்தம் வராமல், பந்தைத் தரையில் வைத்தேன். ஐந்து புள்ளி.

முழங்கால் போனது, எங்கள் ஆட்கள் எல்லாரும் என் மேல் விழுந்து கட்டிப்பிடித்தபோதுதான். அதற்குப் பிறகும் கஜகஸ்தான்காரிகள் இன்னொரு ஐந்து எடுத்தார்கள். அதை நான்தான் தடுத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முப்பத்தெட்டு – ஐந்து.

ஆட்டம் முடிந்து ஒலிபெருக்கியில் புள்ளி எடுத்தவர்கள் பெயரைப் படித்தார்கள். இந்தியா பக்கம் ஒரே பெயர்: "நம்பர் எயிட், சியாமளா." சியாமளா பெஞ்சில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் எண் சட்டைக்குள் இருப்பது யார் என்று புள்ளி எழுதும் மேசைக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்ல வேண்டும்? சட்டைக்குள் இருந்தவள்தான்.

"போய்ச் சொல்லுடி" என்றாள் சியாமளா.

"பரவால்ல."

"என்ன பரவால்ல? உட்கார்ந்த இடத்துல எனக்கு அஞ்சு புள்ளி. நாளைக்கு என் வீட்ல இதுக்கு விருந்து வெப்பாங்க. போடீ!"

"நீங்க சொல்லுங்க சஹானாக்கா" என்றேன். சஹானா ஷூ கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள். பாஸ்போர்ட் ஆபீஸோடு தன் வேலை முடிந்துவிட்டது என்பது போல நிமிரவேயில்லை.

மேசை வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை நின்றேன். அங்கே இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வேறு நாடு, வேறு மனிதர், ஆனால் அந்த உச்சந்தலைச் சுழி எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். எழுதுகிறவரை எப்படிக் கேட்பது? அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. கை எழுந்து மேசையில் மூன்று முறை தட்டியது.

"ஹவுஸ்கீப்பிங்!"

அவர் நிமிர்ந்தார். தலை முதல் கால் வரை சேறாக நிற்கும் என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த நான்கு காலி தண்ணீர் பாட்டில்களை என் பக்கம் தள்ளி, "தேங்க் யூ" என்றார்.

எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? நொண்டிக்கொண்டே போய்த் தொட்டியில் போட்டேன். சியாமளா ஐஸ் கட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாட்டில்கள் கையை விட்டுப் போனதும் செய்வதற்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. திரும்பிப் போனேன். இந்தத் தடவை தட்டவில்லை. தாளில் சியாமளா பெயர் மேல் சேற்று விரலை வைத்தேன்.

"நோ. மீ. அம்சா."

"வாட்?" ஒலிபெருக்கியில் பாட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"அம்சா!"

அது கடலுக்குக் கேட்டிருக்கும், பக்கத்தில் கடல் இருந்திருந்தால். ஏசுபாதம் சார் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேசைக்காரர் என் சட்டையைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார், சிரித்தார். சியாமளா பெயரை அடித்துவிட்டு மேலே எழுதினார். எழுதியது சரிதானா என்று தலையைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்துப் படித்தார்.

"அம்சா?"

"உள்ளேன் ஐயா."

அதையும் பெயரோடு சேர்த்து எழுத வேண்டுமா என்று அவர் பேனாவோடு காத்திருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது.